'தெரியும்' என்றான் அவன்: இரண்டாம் முறை பிடிபடும் சிறாரைப் பெரியவர்களாக்கத் துடிப்போருக்கு

நீண்ட பதிவு இது. ஆய்வேட்டின் மூன்றாம் இயலை ஒப்படைக்க வேண்டிய வாரத்தில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பது என் நெறியாளரின் பார்வைக்குப் போகாமலிருந்தால் நல்லது.

கடந்த மாதம் பெங்களூருவின் ஒரு கல்லூரியில் குழந்தைகளும் சட்டமும் பற்றிய கருத்தரங்கு ஒன்று நடந்தது. நிறைவமர்வில் பேசிய மூத்த பேராசிரியர் ஒருவர், "முதல் முறை தவறு செய்பவன் சிறுவன். இரண்டாம் முறையும் அதையே செய்பவன் சிறுவன் அல்லன், குற்றவாளி. அவனைப் பெரியவர்களுக்குரிய நீதிமன்றத்தில் நிறுத்துவதே நியாயம்" என்றார். அரங்கு கைதட்டியது. கேள்வி நேரத்தில் ஒலிவாங்கி என் வரிசையைக் கடந்து சென்றது. நான் வாய் திறக்கவில்லை. நாளை என் ஆய்வேட்டுக்குப் புறத்தேர்வாளராக வரக்கூடியவர் அவர் என்பதும் என் மௌனத்துக்குக் காரணங்களுள் ஒன்று, மறைப்பதற்கில்லை. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நடப்பிலுள்ள சட்டத்தை முதலில் பார்த்துவிடலாம். கைதட்டியவர்களில் பலர் அதைப் படித்ததில்லை என்பது தேநீர் வேளைப் பேச்சிலேயே தெரிந்தது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பேருந்தில் நிகழ்ந்த கொடுமையும், அதில் ஈடுபட்டோருள் ஒருவன் பதினெட்டு வயது நிரம்பாதவன் என்பதும் அச்சட்டத்தின் பின்னணி. நாடே கொதித்துக்கொண்டிருந்த 2013 ஜனவரியிலேயே நீதியரசர் வர்மா குழு வயது வரம்பைப் பதினாறாகக் குறைக்க மறுத்தது. மசோதாவை ஆராய்ந்த நாடாளுமன்ற நிலைக்குழுவும் சிறாரைப் பெரியவர்களாக விசாரிக்கும் யோசனையை ஏற்கவில்லை. இவை எவையும் எடுபடவில்லை. மூன்றாண்டு முடித்து அந்த இளைஞன் 2015 டிசம்பர் 20ஆம் தேதி விடுவிக்கப்பட்டான். 22ஆம் தேதி மாநிலங்களவை மசோதாவை நிறைவேற்றியது. இரண்டு நாள். ஒரு மனிதன் மீதான சினத்துக்கு நாட்டின் எல்லாச் சிறாரும் பொறுப்பேற்றுக்கொண்டார்கள்.

அச்சட்டம் திறந்த கதவு ஒன்றுதான். பதினாறுக்கும் பதினெட்டுக்கும் இடைப்பட்ட ஒருவர், குறைந்தபட்சத் தண்டனையே ஏழாண்டு அல்லது அதற்கு மேல் என வகுக்கப்பட்ட கொடுங்குற்றத்தைச் செய்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டால், இளைஞர் நீதிக் குழுமம் 15ஆம் பிரிவின்படி ஒரு முதனிலை மதிப்பீடு செய்ய வேண்டும். அக்குற்றத்தைச் செய்வதற்கான உடல், மனத் திறன். குற்றத்தின் விளைவுகளை உணரும் ஆற்றல். அது நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் சூழ்நிலை ஆகியவற்றை எடைபோட்ட பின், பெரியவராக விசாரிக்கப்பட வேண்டியவர் என்று கருதினால் வழக்கைக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு மாற்றலாம். எத்தனையாவது முறை என்ற கேள்வி இந்த அளவுகோலில் இல்லை. பேராசிரியர் கேட்பது, ஆக, இருக்கும் கதவை அகலப்படுத்துவதை அல்ல. இரண்டாவது கதவொன்றைக் கேட்கிறார். அதில் நுழைபவனைத் தீர்மானிப்பது குற்றத்தின் தன்மையாக இராது, எண்ணிக்கையாக இருக்கும். எல்லா வேறுபாடும் இங்கேதான் தொடங்குகிறது.

பழைய நடத்தையைச் சட்டம் காணவேயில்லை என்பதும் பொய். 18ஆம் பிரிவைப் படித்தால் தெரியும்: ஒரு சிறுவன் குற்றம் செய்தான் என்று குழுமம் முடிவுக்கு வந்தபின், அவனை என்ன செய்வது என்று தீர்மானிக்கையில் அவனுடைய முந்தைய நடத்தையையும் கருத வேண்டும். அறிவுரை சொல்லி அனுப்புவதிலிருந்து, மூன்றாண்டு வரை சிறப்பு இல்லத்தில் வைப்பது வரை அதற்கான வழிகள் இருக்கின்றன. இரண்டாம் முறை வந்தவனுக்குக் கூடுதல் கண்காணிப்பு தேவையென்றால் அதைத் தர இச்சட்டத்துக்குள்ளேயே இடமுண்டு. பெரியவனாக விசாரிப்பது இதற்கு மேல் என்ன தருகிறது? மூன்றாண்டைத் தாண்டிய தண்டனை ஒன்று. இன்னொன்று, சாதாரணமாக அழிக்கப்பட வேண்டிய குற்றப் பதிவு அழியாமல் நிற்பது. 24ஆம் பிரிவு பிற சிறாருக்குத் தரும் பாதுகாப்பை, பெரியவராக விசாரிக்கப்பட்டுக் குற்றவாளி எனக் காணப்பட்டவருக்குத் தருவதில்லை. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ஒரு கட்டத்தில் குறிபோட வேண்டியிருக்கும், வாழ்நாள் முழுதும்.

அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு பதினாறு கோட்பாடுகளை வகுக்கிறது. பதினெட்டு வயது வரை எந்தக் குழந்தையையும் தீய நோக்கமற்றதாகவே கருத வேண்டும் என்பது முதலாவது. சிறப்புச் சூழ்நிலை தவிர, இளைஞர் நீதி அமைப்பின்கீழ் வந்த குழந்தையின் பழைய பதிவுகள் அனைத்தும் அழிக்கப்பட வேண்டும் என்பது பதினான்காவது. புதிய தொடக்கம் என்று அதற்குப் பெயர். அழிப்பேன் என்று வாக்களித்த பதிவைக் கொண்டு எப்படி 'இரண்டு' என்று எண்ணுவீர்கள்? ஒன்றை அழித்துவிட்டால் அடுத்ததும் ஒன்றுதானே. எண்ண வேண்டுமானால் எங்கோ யாரோ ஒன்றை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். காவல் நிலையத்தின் நினைவு என்று அதற்குப் பெயர். அந்த நினைவுக்கு நம் மண்ணில் ஒரு வரலாறு உண்டு.

மொழியியல் மாணவன் என்பதால் ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். 'கேடி' என்ற சொல்லை அறியாத தமிழர் இல்லை. குறும்பு செய்யும் பேரனைப் பாட்டிகூட அப்படித்தான் அழைப்பாள். சென்னை மாகாணக் காவல்துறைப் பதிவேடுகளில் இருந்த சுருக்கம் அது. 'அறியப்பட்ட கொள்ளையன்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளான கே, டி இரண்டும் பேச்சுக்கு வந்து, 'கேடு' என்ற சொல்லோடு ஒலி இயைந்ததால் தமிழ்ச் சொல்லாகவே ஒட்டிக்கொண்டன. 'அறியப்பட்ட' என்பதைக் கவனியுங்கள். யாரால் அறியப்பட்டவன்? காவலரால். என்ன செய்ததற்காக? அதைப் பதிவேடு சொல்ல வேண்டியதில்லை. ஒருவன் செய்த செயலைக் குறிக்கும் வினை, ஒருவன் இன்னான் என்று குறிக்கும் பெயராக மாறிய இடம் அது. திருடினான் என்பது நேற்று நடந்த ஒன்று. திருடன் என்பதற்கு நேற்றும் இல்லை, நாளையும் இல்லை.

குற்றப் பரம்பரைச் சட்டத்தின் பெயரிலும் இதே வேலை நடந்திருக்கிறது. ஆங்கிலத்தில் அது பழங்குடிகளைக் குறிக்கும் சொல். தமிழில் நாம் 'பரம்பரை' என்று வழங்கினோம். பிழையான மொழிபெயர்ப்பு என்று இதைத் திருத்த முனைவோர் உண்டு. சட்டம் உண்மையில் என்ன நினைத்தது என்பதை ஆங்கிலப் பெயரைவிடத் தமிழ்ப் பெயரே நேர்மையாகச் சொல்லிவிட்டது என்பேன் நான். குற்றம் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கும். ஆகவே மகன் எதுவும் செய்வதற்கு முன்பே அவன் விரல் ரேகையை வாங்கி வைத்துக்கொள். 1871இல் தொடங்கிய இச்சட்டம் 1911இல் விரிவாக்கப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளிகளில் வைக்கவும் அதில் அதிகாரம் இருந்தது. ரேகை பதிய மறுத்த உசிலம்பட்டி வட்டாரப் பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3ஆம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்தது. பதினாறு பேர் மாண்டனர். அவர்களுள் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர்.

அதே 1920இல், அதே சென்னை மாகாணம், இந்தியாவின் முதல் குழந்தைகள் சட்டத்தை இயற்றியது. சிறாரைப் பெரியவர்களின் சிறையிலிருந்து விலக்கித் தனியே விசாரிக்க வேண்டும் என்ற எண்ணம் இந்தியச் சட்டத்தில் கால்கொண்டது அதில்தான். ஒரே அரசு, ஒரே ஆண்டு. ஒரு கையால் 'குழந்தை' என்ற சொல்லைச் சட்டத்தில் எழுதியது. மறு கையால் யாருடைய பிள்ளைகளுக்கு அச்சொல் பொருந்தாது என்பதைத் துப்பாக்கியால் எழுதியது. நம் துறையினர் இவ்விரண்டையும் வெவ்வேறு பாடத்திட்டங்களில் படிக்கிறோம், வெவ்வேறு பருவத்தேர்வுகளில் எழுதுகிறோம். அதனால்தான் கைதட்டல் எளிதாக வருகிறது போலும்.

குற்றப் பரம்பரைச் சட்டம் 1952 ஆகஸ்டு 31ஆம் தேதி நாடு முழுவதும் நீங்கியது. அதன் இடத்தில் 'பழக்கக் குற்றவாளி'ச் சட்டங்கள் வந்தன: சென்னையில் 1948லேயே, கர்நாடகத்தில் 1961இல். பிறப்பால் குற்றவாளி என்பது போய், திரும்பத் திரும்பச் செய்ததால் குற்றவாளி என்பது வந்தது. கேட்பதற்கு முன்னேற்றம்தான். பட்டியலில் இருந்த குடும்பங்கள் மட்டும் பெரிதும் மாறவில்லை. 2024 அக்டோபர் 3ஆம் தேதி, சிறைக் கையேடுகளில் சாதியின் பெயரால் இருந்த விதிகளைச் செல்லாதவை என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தபோது, பழக்கக் குற்றவாளி என்ற இந்தச் சொல்லே சீர்மரபினரைக் குறிவைக்கும் கருவியாகத் தொடர்வதையும் சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது. பெரியவர்கள் விஷயத்திலேயே இவ்வளவு அழுக்கேறிய ஒரு சொல்லை, நீதிமன்றமே ஐயத்தோடு பார்க்கத் தொடங்கிய காலத்தில், பதினேழு வயதினருக்கு எடுத்துக் கொடுக்கச் சொல்கிறார் பேராசிரியர்.

'இரண்டாம் முறை செய்தவன்' என்று சொல்கிறோமே, நமக்கு உண்மையில் தெரிந்தது இரண்டாம் முறை பிடிபட்டவனை மட்டுமே. விடுதி அறையில் கஞ்சாவோடு நான்கு முறை காப்பாளரிடம் சிக்கிய மாணவர்களை நான் அறிவேன். நான்கு முறையும் தந்தையர் வந்து பேசிவிட்டுப் போனார்கள். அவர்களுள் எவனுக்கும் 'முறை' என்ற எண்ணே தொடங்கவில்லை. மேம்பாலத்தின் அடியில் தூங்குகிறவனுக்கு அது பதின்மூன்று வயதிலேயே தொடங்கிவிடுகிறது. ஒரு முறை அவன் முகம் பதிந்துவிட்டால், அடுத்து அந்த வட்டாரத்தில் கைப்பேசி எது காணாமற்போனாலும் முதலில் தேடப்படுவது அந்த முகம். எண்ணிக்கை எப்போதும் எண்ணுபவரின் நிற்குமிடத்தைச் சொல்லும்.

இனி, மதிப்பீட்டுக்கு வருகிறேன். இதில் எனக்கு நேரடியாகத் தெரிந்தது கொஞ்சம் உண்டு.

இரண்டாண்டுகளுக்கு முன் வழக்கறிஞர் தோழி ஒருவர் ஓர் உரையாடல் எழுத்துப்படியைச் சரிபார்க்கக் கொடுத்தார். பையனின் அடையாளத்தைத் தரக்கூடிய எதையும் எழுதப்போவதில்லை. 74ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது, தடுக்காவிட்டாலும் எழுதியிருக்க மாட்டேன். தமிழ்நாட்டிலிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பம். அவன் இந்த நகருக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. கன்னடம் புரியும், பேச வராது. முன்பு ஒரு முறை திருட்டு வழக்கில் பிடிபட்டவன் என்ற குறிப்பு அறிக்கையின் முதல் பத்தியிலேயே இருந்தது. மதிப்பிட்ட ஆலோசகர் கன்னடத்தில் கேட்டார். அங்கிருந்த பணியாளர் ஒருவர் தமிழில் சொன்னார். பதில் கன்னடத்துக்குப் போய், அங்கிருந்து ஆங்கில அறிக்கைக்குப் போயிற்று.

என்ன ஆகும் என்பது உனக்குத் தெரிந்திருந்ததா என்பது கேள்வி. ஆலோசகர் சொன்ன கன்னடச் சொல் 'கொத்தித்தா'. அது தெளிவான இறந்தகாலம்: அப்போது தெரிந்திருந்ததா? தமிழில் அது "என்ன ஆகும்னு தெரியுமா?" என்று ஆயிற்று. பையன் "தெரியும்" என்றான். கன்னடத்தில் அது 'கொத்தித்து' என்று மீண்டும் இறந்தகாலமாயிற்று. ஆங்கில அறிக்கையில், தன் செயலின் விளைவுகளை அவன் அறிந்தே இருந்தான் என்ற முழு வாக்கியமாயிற்று.

தமிழில் 'தெரியும்' என்பதற்குக் காலம் இல்லை என்பது முதலாண்டு மொழியியல் மாணவருக்கும் தெரிந்த செய்தி. வடிவத்தில் எதிர்காலம்; பொருளில் இப்போதும் தெரியும், அப்போதும் தெரியும், எப்போதும் தெரியும். 'தெரிந்தது' என்றால் தெரியவந்தது என்றாகிவிடும். அப்போதைய அறிவைக் குறிக்க வேண்டுமானால் 'அப்பவே' என்று ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டும், அல்லது 'தெரிஞ்சிருந்துச்சா' என்று கேட்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. அறிக்கையில் இடம்பெறாத அடுத்த இரண்டு வரிகள் ஒலிப்பதிவில் இருந்தன. "யாரு சொன்னாங்க?" என்று அந்தப் பணியாளர், கேட்கச் சொல்லாமலே, தாமாகக் கேட்கிறார். பையன் சொல்கிறான்: "ஸ்டேஷன்ல சொன்னாங்க."

பிடித்துக்கொண்டு போனபின் காவல் நிலையத்தில் சொல்லித் தெரிந்துகொண்டதை, செய்யும்போதே தெரிந்துவைத்திருந்ததாக ஒரு காலவிகுதி மாற்றிவிட்டது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் தீயவர்கள் இல்லை. மூன்று மொழிகளும் தத்தம் இலக்கணப்படி ஒழுங்காகவே நடந்துகொண்டன.

2022 ஜூலையில் வந்த தீர்ப்பொன்றில், 15ஆம் பிரிவில் 'விளைவுகள்' எனப் பன்மையில் இருப்பதை உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. உடனடி விளைவு மட்டுமல்ல, பாதிக்கப்பட்டவருக்கும் குடும்பத்துக்கும் தனக்கும் பின்னாளில் நேரக்கூடிய விளைவுகளையும் உணரும் ஆற்றலே சோதிக்கப்பட வேண்டியது என்பது அதன் கருத்து. சரியான, மனிதத்தன்மையுள்ள வாசிப்பு. ஆனால் அஃறிணைப் பெயருக்குப் பன்மை விகுதி கட்டாயமில்லாத தமிழிலும் கன்னடத்திலும் அந்தக் 'கள்' எங்கே போகும்? ஒரு சிறுவனின் எஞ்சிய வாழ்வு ஆங்கிலத்தில் ஓர் 's' மீது நிற்கிறது. அவனிடம் கேட்கப்படும் மொழியில் அந்த எழுத்து ஒலிக்கவே ஒலிக்காது.

அதே தீர்ப்பில் இன்னொன்றும் உண்டு. மதிப்பீட்டுக்கு உளவியலாளர் உதவியைக் குழுமம் 'பெறலாம்' என்றுதான் சட்டம் சொன்னது. குழந்தை உளவியலிலோ மனநல மருத்துவத்திலோ பட்டம் பெற்றுத் தொழில்புரியும் உறுப்பினர் குழுமத்தில் இல்லாதபோது, அந்தப் 'பெறலாம்' என்பதைப் 'பெற வேண்டும்' என்றே படிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். மகிழ்ந்தேன். 2024 மே மாதம், நம் கர்நாடகத்திலிருந்தே சென்ற வழக்கொன்றில், முதனிலை மதிப்பீட்டை மூன்று மாதத்துக்குள் முடித்தாக 'வேண்டும்' என்று 14ஆம் பிரிவு சொல்வது கட்டாயமன்று, வழிகாட்டுதலே என்றது அதே உச்ச நீதிமன்றம். இரண்டுக்கும் தனித்தனிச் சட்ட நியாயங்கள் உண்டு, அவற்றுக்குள் போகவில்லை. 'லாம்' 'வேண்டும்' ஆகக்கூடிய, 'வேண்டும்' 'லாம்' ஆகக்கூடிய இவ்வளவு நெகிழ்ந்த தரையில்தான் இந்த மதிப்பீடு நிற்கிறது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

மூன்றாவது அளவுகோல் இன்னும் சிக்கலானது. குற்றம் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் சூழ்நிலையை அவனிடம் எப்படிக் கேட்பது? "ஏன் செய்தாய்?" என்றால் செய்தான் என்பது கேள்விக்குள்ளேயே ஏறிவிட்டது. முன்னனுமானம் என்று வகுப்பில் பாடம் நடத்துவோம். 'நீ மனைவியை அடிப்பதை நிறுத்திவிட்டாயா' என்ற தேய்ந்த எடுத்துக்காட்டைச் சொல்லிச் சிரிப்போம். இங்கே பதினாறு வயதுப் பையன் அந்தக் கேள்விக்கு எதிரில் அமர்ந்திருக்கிறான். மதிப்பீடு விசாரணை அன்று என்று 15ஆம் பிரிவின் விளக்கக் குறிப்பு சொல்கிறது. விசாரணைக்கு முன்னரே, குற்றம் மெய்ப்பிக்கப்படாமலே, அவன் செய்ததாக வைத்துக்கொண்டு கேட்டால்தான் அதை நடத்தவே முடியும். 'முன்பும் பிடிபட்டவன்' என்ற முதல் பத்தி இதன் மேல் வந்து உட்கார்ந்தால் மிச்ச மதிப்பீடு வெறும் சடங்கு.

பேராசிரியரின் சூத்திரம் நடந்த ஊரில் என்ன ஆயிற்று என்றும் பார்க்கலாம். அமெரிக்காவில் 1995இல் ஜான் டியூலியோ என்ற அரசியல் அறிவியலாளர் 'சூப்பர் பிரிடேட்டர்' என்றொரு சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஈவிரக்கமற்ற ஒரு புதுச் சிறார் தலைமுறை எழுந்துவருகிறது என்ற அந்த எச்சரிக்கை ஊடகங்களைப் பிடித்துக்கொண்டது. மாகாணம் மாகாணமாகச் சிறாரைப் பெரியவர்களின் நீதிமன்றத்துக்குத் தள்ளும் சட்டங்கள் அக்காலத்தில் பெருகின. எச்சரித்த அலை வரவில்லை. சிறார் குற்றங்கள் குறைந்தன. 2012இல் சிறாரின் ஆயுள் தண்டனை குறித்த வழக்கில், அந்தக் கணிப்பு தவறு என்று கூறிய அறிஞர்களின் மனுவில் டியூலியோவும் கையெழுத்திட்டார். சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்; சிறைக்குள் போனவர்களின் ஆண்டுகளை யாரால் திரும்பப் பெற முடியும்? அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2007இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, பெரியவர்களின் அமைப்புக்கு மாற்றப்பட்ட சிறார் மாற்றப்படாதவர்களைக் காட்டிலும் ஏறத்தாழ 34 விழுக்காடு அதிகமாக மீண்டும் கைதாகிறார்கள் என்று கண்டது. மீண்டும் குற்றம் செய்யாமல் தடுக்கத்தான் இந்த யோசனை என்றால், மருந்தே நோயைப் பெருக்குகிறது.

இந்தியாவில் எந்தப் பேரலையைக் கண்டு அஞ்சுகிறோம்? தேசியக் குற்றப் பதிவு ஆவணத்தின்படி 2022இல் சிறார் மீது பதிவான வழக்குகள் 30,555. அதற்கு முந்தைய ஆண்டைவிடக் குறைவு. அவ்வாண்டு நாட்டில் பதிவான மொத்தக் குற்றங்கள் 58 லட்சத்துக்கும் மேல். கணக்கு உங்களிடம்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் அவர்கள் வீட்டுக்குள் புகுந்து வெட்டியவர்கள் உடன்படித்த சிறுவர்கள். அச்செய்தி வந்த நாள்களில் தோழர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஊரே சேர்ந்து ஊட்டி வளர்த்த வன்மத்துக்குப் பதினேழு வயது என்று திரைபோடுகிறாயா?" அக்கேள்விக்கு முன் என்னிடம் சுருக்கமான விடை இல்லை, இன்றும் இல்லை. அந்தக் கோபத்தைக் குடியிருப்போர் நலச் சங்கங்களின் கோபத்தோடு சேர்த்து எண்ணவும் மாட்டேன். ஆனால் பேராசிரியரின் சூத்திரத்தை இங்கே வைத்துப் பாருங்கள். சாதியின் அரவணைப்பில் வளர்ந்து முதன்முறையாக அரிவாளை எடுப்பவன் அதற்குமுன் காவல் நிலையப் படியே ஏறாதவனாக இருக்கக்கூடும். சூத்திரப்படி அவன் சிறுவன். இரண்டாம் முறை கைப்பேசி திருடியவன் பெரியவன். எதை நீதி என்று கேட்கிறோமோ அதற்கு நேர் எதிரானதை இந்த எண்ணிக்கை தருகிறது.

புனேயில் 2024 மே 19ஆம் தேதி சொகுசுக் கார் மோதி இருவர் இறந்த வழக்கையும் அரங்கில் ஒருவர் எடுத்தார். முந்நூறு சொற்களில் கட்டுரை எழுதச் சொல்லிப் பிணை தந்தது யாருக்கும் எரிச்சலூட்டும், எனக்கும்தான். அவ்வழக்கில் இரத்த மாதிரியை மாற்றியதாகக் கைதான மருத்துவர்களுக்கு வயது பதினேழு அல்ல. பணம் செய்த வேலைக்குப் பரிகாரம் பணத்தைக் கட்டுப்படுத்துவது. பணமில்லாதவர்களின் பிள்ளைகளுக்குப் புதுக் கதவு திறப்பது எப்படிப் பரிகாரமாகும்? அந்தச் சிறுவனைப் பெரியவனாக விசாரிக்கக் கோரிய காவல்துறையின் மனுவைக் குழுமம் 2025 ஜூலையில் தள்ளிவிட்டது. நல்ல வழக்கறிஞர்கள் வாய்த்தால் சட்டம் எவ்வளவு நிதானமாகப் படிக்கப்படும் என்பதற்கு அது எடுத்துக்காட்டு. அதே நிதானம் எல்லோருக்கும் வேண்டும் என்கிறேன். அவனிடமிருந்து பறிக்கச் சொல்லவில்லை.

சரி, மீண்டும் மீண்டும் வருகிறவனை என்ன செய்வது? முதல் முறை வந்தபோது நாம் என்ன செய்தோம் என்பதிலிருந்து அக்கேள்வியைத் தொடங்க வேண்டும். செங்கல்பட்டில் 1887இலேயே சிறாருக்கான சீர்திருத்தப் பள்ளி வந்துவிட்டது. நூற்று முப்பத்தைந்து ஆண்டு அனுபவமுள்ள ஊர். 2022 டிசம்பர் இறுதியில், ரயில்வேக்குச் சொந்தமான பேட்டரி திருடியதாகத் தாம்பரத்தில் பிடிக்கப்பட்ட பதினேழு வயதுப் பையன் ஒருவன் அவ்வூர்க் கூர்நோக்கு இல்லத்துக்குக் கொண்டுவரப்பட்டான். 31ஆம் தேதி இறந்துபோனான். அடித்துக் கொன்றதாக இல்லத்தின் பணியாளர்கள் ஆறு பேர் கைது செய்யப்பட்டார்கள். பேட்டரிக்கு ஓர் உயிர். அவன் இரண்டாம் முறை எங்கும் வரப்போவதில்லை. புள்ளிவிவரப்படி அது வெற்றி.

இந்த இல்லங்களில் நன்னடத்தை அலுவலர் எத்தனை பேர், ஆளுக்கு எத்தனை சிறார், வெளியே போனபின் ஓராண்டாவது யாராவது வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்களா, பள்ளியில் மறுபடி சேர்த்தார்களா? இரண்டாம் முறை வருபவனிடம் கேட்கப்பட வேண்டிய கேள்விகள் இவை என்று எண்ணிவிடாதீர்கள். அரசிடம் கேட்கப்பட வேண்டியவை. முதல் முறை தன் கடமையில் தவறிய அமைப்பு, இரண்டாம் முறை அத்தவற்றை அவன் வயதில் ஏற்றிவிட்டுக் கைகழுவ நினைக்கிறது. பதினேழை இருபத்தைந்தாக்க ஒரு மதிப்பீடு போதும் அதற்கு.

இந்த நகரில் நாகரபாவியில் தேசியச் சட்டப் பள்ளி இருக்கிறது. ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் இருக்கிறது. சிறார் நீதி குறித்துச் சட்டமும் உளவியலும் அறிந்தவர்கள் இங்கே கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். பல ஆண்டுகளாக எழுதியும் வருகிறார்கள். மொழியியலாளர்கள் நாம் மட்டும் அந்த அறைக்குள் போகவே இல்லை. ஒவ்வொரு மதிப்பீடும் ஓர் உரையாடல், ஒரு மொழிபெயர்ப்பு. நம் தொழிலே அதுதான்.

அந்தப் பையனின் எழுத்துப்படிக்கு இரண்டு பக்கக் குறிப்பொன்று எழுதிக் கொடுத்தேன். ஏற்கப்பட்டதா என்பதை இங்கே சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அதற்குப்பின் அதே தோழி வழியாக இன்னும் மூன்று எழுத்துப்படிகள் வந்தன: ஒன்று உருது, ஒன்று வங்காளம், ஒன்று ராயலசீமைத் தெலுங்கு. மூன்றும் எனக்குத் தெரியாத மொழிகள், திருப்பி அனுப்பினேன். ஆகவே, மொழித் துறைகளில் இருக்கும் நண்பர்களே, ஆய்வாளர்களே: இம்மொழிகளில் பேச்சுவழக்கை நன்கு அறிந்தவர்கள், மாதத்தில் ஒரு நாள் தர முடிந்தவர்கள், எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். ஊதியம் கிடையாது. பெயர் வெளியே வராது. ஒலிப்பதிவைக் கேட்டு, காலமும் எண்ணும் இடமும் எங்கே மாறின என்று குறித்துக் கொடுத்தால் போதும்.

பேராசிரியரின் உரைக்கான என் மறுப்பை நேற்றிரவு என் பெயரோடும் துறையின் பெயரோடும் கருத்தரங்க ஏற்பாட்டாளர்களுக்கு அனுப்பிவிட்டேன். கட்டுரைத் தொகுப்பில் இடம் இருந்தால் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.